குதிகாலில் ஜன்னல் வைத்த ஷூ

மாவட்ட அணியில் ஓட வேண்டும். பள்ளி நாட்களில் எனக்கிருந்த ஒரே வெறி அதுதான். எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா ஓட்டக்காரர்களுக்கான ஷூ ஒன்று கொண்டுவந்தார். அதுவரை நான் கண்டதெல்லாம் சாக்பீஸ் பூசிய வெள்ளைக் கான்வாஸ். இதிலோ குதிகாலுக்கு அடியில் ஒரு ஜன்னல். உள்ளே அடைத்த காற்று! காற்றை ஒளிக்காமல் காட்டும் இந்த ஷூவை யோசித்த மகானுக்குக் கோயில் கட்டக்கூட நான் தயார்.

வளர்கிற பையனாச்சே, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தார். "கால் வளரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள் அம்மா. செருப்பை வாசலைத் தாண்டவிடாத எங்கள் வீட்டில், ஷூ மட்டும் ஹால் ஷோகேஸில், தாஜ்மஹால் பொம்மைக்குப் பக்கத்தில் குடியேறியது. முடிச்சூர் ரோடு காலனியே வந்து பார்த்தது.

"காத்து எறங்கிட்டா எங்க சார் அடிக்கிறது?" என்றார் எதிர்வீட்டு வங்கிக்காரர்.

"அதான் சார் பயமே. வால்வையே காணோம்" என்றார் அப்பா. அன்றே ஷோகேஸுக்குப் பூட்டு வந்தது.

இதற்குள் தாம்பரம் மார்க்கெட்டில் நகல்கள் வந்து குவிந்தன. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் படம் ஒட்டியிருக்கும். மாப்பிள்ளைகள் கோட்டு சூட்டுக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு வரவேற்பில் நின்றார்கள். ஓடத்தான் ஒருவரும் போடவில்லை.

ப்ளஸ் டூவில் ஒருவழியாக என் கால் ஷூவை எட்டிப்பிடித்தது. அணித் தேர்வு அன்று காலை அம்மா பூட்டைத் திறந்து, "சேறு இருந்தா ஓரமா ஓடு" என்று வழியனுப்பினாள்.

பாதி தூரம்வரை நான்தான் முதல். பிறகு பின்னால் ஒரே சிரிப்பு.

"மச்சான், கோலம் போட்டுகினு ஓடுறான்டா!"

திரும்பினால், வந்த வழியெல்லாம் வெள்ளைத் தூள். வருஷக்கணக்கில் சும்மாவே உட்கார்ந்திருந்த அடிப்பாகம் இற்று உதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் குதிகால், ஜன்னலோடு கழன்று உருண்டது. கடைசியாக வந்து சேர்ந்தேன். அணியில் இடமில்லை.

எங்கள் பி.டி. சார் குனிந்து பார்த்தார். "இன்னாடா இது? போட்டு ஓடியே பாக்கலையா?"

"இல்ல சார். வீட்ல பத்திரமா வெச்சிருந்தோம்."

ஷூவின் மேல்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். "மேல பளபளன்னுதான கீது. ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்புல நீ கொடி புடி. மந்திரி வர்றாரு. மெதுவா நட, கால தூக்கிடாத."

வீட்டில் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அதுதான்டா மரியாதை. ஓடினா ஷூ என்னத்துக்கு ஆகும்?"