தாலி கட்டும் நொடியின் படம்

அல்போன்சா என் சித்தியின் மகள். ஊர் நாகர்கோவில், இருப்பு தில்லி, மயூர் விஹார். தொழில் செவிலியர், அறுவை அரங்கில் தலைமைப் பொறுப்பு. அவளுடைய ஒரே மகள் ஜோஸ்லினின் திருமணம் சென்ற ஜனவரியில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தில்லியிலேயே, எங்கள் பங்குக் கோவிலில் நடந்தது. மணமகன் கெவின். இவ்வளவும் நான் எழுதிவரும் குடும்பப் பதிவேட்டில் உள்ளவை.

அல்போன்சாவின் சொந்தத் திருமண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இருக்கிறது. அதில் தெரிவது ஒரு மாமாவின் முதுகு மட்டுமே. மகளுக்கு அந்த நொடி தவறிவிடக் கூடாது என்பது அவளுடைய ஒரே வேண்டுதல். என்னிடம் யோசனை கேட்டாள். எடுக்க வேண்டிய படங்களை முன்பே பட்டியலிடு, கைபேசியில் விட்டுவைக்காமல் அச்சிடு, மூன்று பிரதிகளை மூன்று வீடுகளில் வை என்றேன்.

அவள் மேலும் இரண்டு விதிகளைச் சேர்த்தாள். முதலாவது, முந்தின நாள் கோவிலிலேயே முழு ஒத்திகை. ஜோஸ்லினுக்குக் குருகிராம் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. வெள்ளைப் பட்டுக்கு வெளிச்சம் சரிபார்க்க வேண்டும் என்றார் புகைப்படக்காரர். எனவே அல்போன்சா வெள்ளைப் பட்டு உடுத்தி, மகளின் இடத்தில் நின்றாள்; கெவின் கையில் தாலிக்குப் பதிலாக வெறும் நூல்.

"அத்தை, இது வேணுமா? எனக்குக் கூச்சமா இருக்குது," என்றான் கெவின்.

"சும்மா நூலுதானே மக்களே. ஆபரேஷனுக்கு முன்னால நாங்க எல்லாத்தையும் சரிபாக்க மாட்டோமா? கொஞ்சம் குனி. சிரி!"

சிரித்தான். படங்கள் மிகத் துல்லியமாக வந்தன.

இரண்டாவது விதி: கோவில் வாசலில் எல்லாருடைய கைபேசியையும் வாங்கி, டோக்கன் கொடுத்து, பெட்டியில் பூட்டுவது. படத்துக்குக் குறுக்கே ஒரு கையும் நீளக் கூடாது. என் டோக்கன் நாற்பத்தேழு. அவளுடையது ஒன்று.

சனிக்கிழமை கடும் மூடுபனி. புகைப்படக்காரரின் கார் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. அதைச் சொல்ல அவர் பதினேழு முறை அழைத்திருக்கிறார். பெட்டிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அல்போன்சா, உன் போன்தான்," என்றேன்.

"ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும். இன்னைக்கு நான் லீவு," என்று அவள் பெட்டியின் மேல் இரண்டு சால்வைகளைப் போர்த்தினாள்.

பத்து மணிக்கு அடுத்த திருமணம் இருந்ததால் பங்குத்தந்தை காத்திருக்கவில்லை. தாலி ஏறியது. நூற்றுப்பத்துப் பேர் கண்ணால் பார்த்தோம். ஒருவரிடமும் படம் இல்லை.

புகைப்படக்காரர் விருந்துக்கு வந்து சேர்ந்து, சாப்பிட்டவர்களை நன்றாகவே எடுத்தார். அல்போன்சா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கட்டச் சொல்லு மக்களே. ஒரே ஒரு முடிச்சு. படத்துக்கு."

"நோ மம்மி. கட்டியாச்சு. இனிமே கட்டினா ஆக்டிங்."

"அப்ப ஆல்பத்துல என்னத்த வைப்பேன்?"

"நேத்து எடுத்தது இருக்குல்ல? பஹுத் அச்சா, ரொம்ப நல்லா வந்திருக்கு. கெவின் என்கூடக்கூட அப்படிச் சிரிக்கல. அதையே வைங்க. படத்துக்குப் பின்னால மாமா நெஜத்த எழுதட்டும்," என்று என்னைக் காட்டினாள்.

அல்போன்சா அழுதாள், நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. படம் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குப் போயிற்று. படத்தின் பின்புறம் மையால் எழுதக் கூடாது, முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பென்சிலால் எழுதினேன்:

ஒத்திகை. கெவின், மணமகன், வயது இருபத்தொன்பது. அல்போன்சா, மணமகளின் தாய், வயது ஐம்பத்து மூன்று.