பச்சைக் கண்ணாடி வெயில்

வைட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு சிவாஜிநகரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பழைய ஜவுளிக்கடையின் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூசியின் வாசனை என்னை நிறுத்தியது.

அந்தக் கடை வராந்தாவில்தான் அம்மா மல்லிகை விற்றாள். வாசல் வளைவின் மேலிருந்த பச்சைக் கண்ணாடி வழியாக மாலை வெயில் தரையில் இறங்கி, தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே மெல்ல நகர, அவளும் கூடையை அதன் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போவாள்.

"பச்சையில வெச்சா வாடுனது தெரியாதுடா" என்று சிரிப்பாள். பூ தீர்ந்தால்தான் எங்களுக்குச் சோறு.

"என்னா குரு, பாத்துக்கினே நிக்கிற? முன்பக்கம் முழுக்க அலுமினிய ஷீட் அடிக்கணும், ஆள் பத்தல. வர்றியா?" என்றார் மேஸ்திரி.

"அந்தப் பச்சைக் கண்ணாடி என்னாகும்ண்ணா?"

"அதுவும் ஷீட்டுக்கு உள்ள போயிடும்."

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். மாலை வெயில் வருவதற்குள் கண்ணாடியை நானே மூடிவிட்டேன்.