விஜயராஜ் அண்ணாச்சியின் எண்பத்தோராவது அட்டை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சோறு தின்ன மேசை கிடையாது. தட்டைத் தொடையில் வைத்துக்கொண்டுதான் தின்ன வேண்டும். மேசை முழுக்க அட்டையும் தூரிகையும் மைக்குப்பியும். ஒருநாள் ரசச் சட்டியை அதில் வைத்துவிட்டேன். என் பெண்டாட்டி முருகேஸ்வரி பார்த்த பார்வையில் ரசமே ஆறிப்போயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுத்தவள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத் துறைமுகத்துக்காரர் ஒருவர் கிறிஸ்துமஸ் அட்டை எழுதித் தரச் சொன்னார். இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வருகிறது. அவளுக்கு ஒரு பிடிவாதம். யாருக்குப் போகிறதோ அவர்கள் பெயர் நட்டநடுவில், அவள் கையால், பெரிதாக இருக்க வேண்டும். "பேரு இல்லாம வாழ்த்துனா யாருக்குப் போய்ச் சேரும்?" என்பாள். நான் லாரி ஓட்டுகிறவன், எனக்கு இதெல்லாம் அதிகப்படி. ஆனாலும் அவள் எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் விஜயராஜ் அண்ணாச்சி எண்பது பெயர் கொடுத்திருந்தார். அட்டைகளை வாங்கிய பிறகும் கிளம்பாமல் நின்றார்.

"தங்கச்சி, இன்னொண்ணு வேணும். சரண்யாதேவின்னு மட்டும் போடு. பொங்கப்படி மேல வைக்கதுக்கு."

சரண்யாதேவி அவருடைய ஒரே மகள். ஆவணியில் பெனிஸ்டன் என்கிற வேதக்காரப் பையனை, அதாவது கிறிஸ்தவனை, பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் தலைப்பொங்கலுக்குப் பெற்றவர்கள் அரிசி, கரும்பு, மஞ்சள், பானை என்று படி கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மகளைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம். இவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

முருகேஸ்வரி தூரிகையைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ள பேரு?"

"அது வேண்டாம்."

"அண்ணாச்சி, தலைப்பொங்கலுக்குப் பொண்ணு பேர மட்டும் போட்டா பாக்கவங்க என்ன நெனைப்பாவ? புருஷன் இருக்கானா இல்லியான்னு கேக்க மாட்டாவளா?"

ஒரே கடையின் எண்பது அட்டை, அடுத்த வருஷம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நாக்குல சனியா ஒனக்கு?" என்று கத்தினார் அண்ணாச்சி. "நல்ல நாளும் அதுவுமா! எம் புள்ள மஞ்சளும் பூவுமா நல்லா இருக்கணும்!"

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அண்ணாச்சி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு குரல் இறங்கியது.

"அவன் பேர வாயால சொல்ல மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டேன், தாயி."

"சொல்ல வேண்டாம், எழுதுங்க. சத்தியம் வாய்க்குத்தான, கைக்கு இல்லியே?"

அடி கள்ளி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சரண்யாதேவி என்று அழகாக எழுதித் தூரிகையை அவர் கையில் கொடுத்தாள். அரிசி மூட்டையில் எழுதிய பழக்கத்தில் அவர் அழுத்தி அழுத்தி எழுதினார். பெனிஸ்டன். கடைசி எழுத்தில் மை இழுபட்டது.

"கண்றாவியா இருக்கு. நீயே வேறொண்ணு எழுதிரு."

"மாட்டேன். இதுதான் போகுது."

பாவம், பெற்றவர் என்ன பாடுபடுவார் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. "படிய நான் கொண்டுபோய் இறக்குதேன் அண்ணாச்சி. வீடு எங்கனன்னு விசாரிச்சுக்கிடுதேன்" என்றேன்.

"எதுக்கு விசாரிக்க?" என்றார் சட்டென்று. "மாதா கோயிலுக்குப் பின்னால மூணாவது சந்து. பச்சக் கதவு, பக்கத்துலயே தண்ணிக் குழாய்."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். அவர் அட்டையின் ஈரத்தை வாயால் ஊதிக் காயவைத்தார்.

"வெள்ளிக்கிழம தவறாம வாசல்ல கோலம் போடுதா. புள்ளி வைக்கதுதான் இன்னும் சரியா வரல்ல."