வெளியும் வெலியும்

மதுசாரத்திலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்க, விரல் நீளப் பீங்கான் குழாய்களின் மேல் சியோலைட் என்ற கனிமத்தைப் படலமாக வளர்ப்பதுதான் என் பட்டமேற்படிப்பு. வெள்ளவத்தையில் சொந்தக்காரர்கள், "சாராயம் காய்ச்சுறியோ?" என்று கேட்பார்கள். ஓம் என்றுவிடுவேன். விளக்கிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன்.

குழாயின் வெளிப்பக்கத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, சியோலைட் தூளைப் பூசி, பால் நிறக் கரைசலோடு உருக்குப் பாத்திரத்தில் இறுக மூடி மின்அடுப்பில் வைக்க வேண்டும். தூள் வளர்ந்து படலமாகும். பிறகு குழாயை மதுசாரக் கலவைக்குள் அமிழ்த்தி, உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சினால் தண்ணீர் மட்டும் படலத்தைத் தாண்டி வரும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மதுசாரமும் கூடவே வந்துவிடும்.

பதினொரு குழாய்கள் சொதப்பின. பன்னிரண்டாவதில் சேர்ந்த துளிகளை முகர்ந்து பார்த்தேன். மணமே இல்லை. தனியாக நின்று வெட்கமில்லாமல் துள்ளினேன். ஆனால் ஒரு அளவீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள், அதே குழாயில் மூன்று வேண்டும். திங்கட்கிழமை மின்அடுப்பு வேறு குழுவின் கைக்குப் போகிறது. திரும்பக் கிடைக்க ஆறு மாதம் ஆகும். அந்த ஒரு குழாயை நம்பித்தான் என் பட்டம் இருந்தது.

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் கொலன்னாவையிலிருந்து வரும் சிங்களவர். நான் அவரை 'அய்யே', அண்ணா, என்று கூப்பிட்டுச் சிங்களம் கதைப்பேன். அவர் என்னை 'நங்கி', தங்கச்சி, என்று கூப்பிட்டுத் தமிழ் பழகிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், அடுத்த அளவீட்டுக்கு முன் ஒட்டியிருக்கும் கலவையைத் துடைத்து வைக்கச் சொல்லக் குழாயை அவரிடம் கொடுத்து, சிங்களத்தில் தொடங்கினேன்.

"இல்ல நங்கி, தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

"சரி அய்யே. வெளிப்பக்கத்தை மட்டும் மெதுவாத் துப்பரவாக்குங்கோ."

"மெதுவா" என்று சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஓடிவிட்டேன்.

சனிக்கிழமை காலை, குழாய் கடதாசியின் மேல் வழுவழுவென்று கிடந்தது. படலம் இல்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சாண்ட்பேப்பர். சிங்களத்தில் மணல் 'வெலி', சாண்ட்பேப்பர் 'வெலி கொல'. புதுக் குழாய்களை அதால் தேய்ப்பது அவருடைய வழக்கமான வேலை. நான் 'வெளி' என்றேன். அவர் காதில் 'வெலி' விழுந்திருக்கிறது.

சிங்களத்தில் எனக்கு இலக்கணம் தடுமாறும், ஏசுவதற்கு ஒருபோதும் தடுமாறாது. என்ன சொல்வதென்று வசனத்தைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டேன்.

அவர் இரண்டு கோப்பை பிளேன் டீயோடு உள்ளே வந்தார்.

"நங்கி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்ச. மெதுவா, மெதுவா. ஒரு மணித்தியாலம் போச்சு." முகமெல்லாம் சிரிப்பு. "என்ட தமிழ் எப்பிடி? சரியா விளங்கினதா?"

தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"ஓம் அய்யே" என்றேன். "நல்லா விளங்கியிருக்கு."