டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவன் காதில் முதலில் விழும் பொய், "இது ஒரு டாக்டர் ஓட்டுன வண்டி சார்" என்பது. பொன்னேரி புரோக்கரும் அதையேதான் சொன்னார். அவர் வாசலில் நின்ற பதினோரு வண்டியில் ஒன்பது டாக்டர்கள் ஓட்டியவை. மீதி இரண்டும் டாக்டர்களின் சம்சாரங்கள் ஓட்டியவை. இத்தனை டாக்டர்கள் வண்டியை விற்றுவிட்டுப் போயிருந்தால் பொன்னேரியில் காய்ச்சலுக்கு ஊசி போட ஆளே இருந்திருக்காது. அந்த ஆளை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. அவரிடம்தான் வாங்கினேன்.

எனக்கு வண்டி தேவைப்பட்டது நைனாவுக்காக, அதாவது என் அப்பாவுக்காக. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் காலை எட்டு மணிக்குப் பொன்னேரியில் டயாலிசிஸ். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து பழவேற்காடு பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும், அப்புறம் பஸ். போகும்போது எப்படியோ போய்விடுவார். திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நிற்கக்கூடக் கையில் வலு இருக்காது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆக, அந்த மூன்று நாளும் ஏமாற்றாமல் கிளம்புகிற வண்டி வேண்டும். பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிற நானும் அதிலேயே தினமும் போய்வர வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழைய வண்டியை நம்பி நைனாவை ஏற்றலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவுதான்.

சின்ன வண்டியே போதும். எனக்கு அது தெரியும். பெரிய வண்டியென்றால் நைனா காலை நீட்டிப் படுத்து வரலாம், மழையில் ரோடு மூழ்கினாலும் போய்விடலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தெருவே பார்க்க, உயரமான வண்டியிலிருந்து சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்க எனக்கு ஆசை. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியைப் பார்க்க மாமாவைக் கூட்டிப் போனேன். மாமா என்றால் என் அக்கா புருஷன். குப்பத்துப் படகு இஞ்சின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். இஞ்சினைத் தவிர உலகத்தில் வேறு ஏதாவது இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. போன உடனே நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை இஞ்சின் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புரோக்கர் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியாக நின்றார். இந்த நாடகம் கால் மணி நேரம் நடந்தது.

"மச்சான், இஞ்சின் இன்னா ஷோக்கா பேசுது தெரியுமா? புகை பாத்தியா, ஒரு பொட்டு கறுப்பு இல்ல."

"பாடி எப்படி மாமா?"

"பாடி கெடக்குது உடு. ஓட்டை வுழுந்தா ஒட்டிக்கலாம். நடுத்தண்ணியில இஞ்சின் நின்னா இன்னா பண்ணுவ?"

எங்கள் படகெல்லாம் ஃபைபர். பாறையில் இடித்து ஓட்டை விழுந்தால் கரையில் ஏற்றிப் போட்டு, ஃபைபர் துணியை வைத்துப் பசையை ஊற்றினால் மறுநாள் தண்ணீரில் இறக்கிவிடலாம். இஞ்சின்தான் உயிர். மாமா காரையும் அப்படியே பார்த்தார். பொன்னேரி ரோட்டில் நடுத்தண்ணி எங்கே வருகிறது என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் என் மேதாவித்தனத்தில் இறங்கிவிட்டேன்.

பழைய வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். டயர் எந்த வருஷத்தது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஏசி, ஸ்டீயரிங், எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். காகிதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு என்பதால் ஆர்.சி. புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தெல்லாம் பார்த்தேன். முதல் ஓனர் நிஜமாகவே ஒரு டாக்டர். இரண்டாவது ஓனர் எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்து விலாசம், மூன்று வருஷம் வைத்திருந்தார். அதைப் படித்ததும் நம்ம ஆளு என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்படி ஒரு முட்டாளுக்குக் குமாஸ்தா வேலை கொடுத்த வக்கீலை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பட்டியலில் "அடிப்பக்கம் துரு" என்று ஒரு வரி இருந்தது. குனிந்து பார்த்தேன். பளபளவென்று புதுக் கறுப்புப் பெயின்ட். எங்கள் ஊரில் படகைக் கரையில் கவிழ்த்து அடியில் பெயின்ட் அடித்து வைக்கிறவன்தான் பொறுப்பானவன். பெண் கொடுக்கிறவர்கள்கூட அதைக் கவனிப்பார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால், பன்னிரண்டு வருஷ வண்டிக்கு அடியில் மட்டும் எதற்குப் புதுப் பெயின்ட் என்று கேட்டிருப்பான். நான் அதற்கும் டிக் போட்டேன்.

வண்டி குப்பத்துக்கு வந்த அன்று அத்தனை பேரும் சுற்றி நின்று ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஒருவர் டயரை உதைத்தார். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியாது. ஏழெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்து மூடி, சீட்டை அமுக்கிப் பார்த்து, "நல்லா கீது" என்றுவிட்டு இறங்கினார்கள். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற ஒருவன் மட்டும் மைலேஜ் கேட்டான். அவன் ஒருவனுக்குத்தான் விவரம் இருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. காலையில் நைனாவை இறக்கிவிட்டு ஆபீஸ் போவேன். டயாலிசிஸ் முடிந்ததும் அவரை அழைத்து வந்து, ஆபீஸ் பக்கத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் படுக்கவைப்பேன். சாயங்காலம் வரை அங்கேயே தூங்குவார். ஆபீஸில் என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரை வழியில் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன். நான் ஏசி போட்டால் அவர்கள் கண்ணாடியை இறக்கி, "வேணாம்பா, காத்தே நல்லா வருது" என்பார்கள். ஏசி வண்டியில் உட்காரத் தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழாவது வாரம் புதன்கிழமை, மேதூர் தாண்டும்போது பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம். வண்டியின் வலது பின்பக்கம் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தேன். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த இரும்பு சேஸிஸிலிருந்து பிய்ந்து தரையில் தொங்கியது. நைனா ஒருபக்கமாகச் சரிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயந்துபோய் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இஞ்சின் ஆப் ஆயிடுச்சா?"

"இல்ல மாமா, ஓடினுதான் இருக்குது."

"நான்தான் சொன்னேன்ல" என்றார் மாமா.

வாழ்க்கையில் அந்த மனுஷனை அவ்வளவு வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். ஒரு ஆட்டோ கிடைத்து நாங்கள் பொன்னேரி போய்ச் சேரும்போது மணி பத்தேமுக்கால். நைனாவின் இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்கள் மேல் தப்பில்லை, எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள்? மறுநாள் காலை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதுவரை நைனா படுக்கவே முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். காற்றுக்குக் குறைவா என்ன, அவருக்கு உள்ளே இழுக்கத்தான் முடியவில்லை.

வண்டியைப் பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போனேன். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். முன்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"மீன் ஏத்துன வண்டியா சார்?"

"இல்லப்பா, டாக்டர் வண்டி."

"டாக்டர் மீன் வித்தாரா?" என்று கேட்டுவிட்டுக் கால்மிதியைப் பிடுங்கினார். பின்சீட்டுக்குக் கீழே தரையைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. நைனா கால் வைக்கிற இடத்தில் என் கை நுழையும் ஓட்டை. கீழே கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியதும் துரு ஏடு ஏடாக உரிந்தது.

"சீட்டக் கழட்டிட்டு ஐஸ் பெட்டி ஏத்தியிருக்காங்க சார். உப்புத்தண்ணி ஒழுகி ஒழுகி உள்ளயே நின்னிருக்கு. கதவத் தொறந்ததுமே நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்த மாமாவுக்கும் தெரியவில்லை, ஏறி உட்கார்ந்து பார்த்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடக்கிற மூக்குகள். பத்து வயதுப் பையன் ஒருவனை உள்நாட்டிலிருந்து கூட்டி வந்து வண்டிக்குள் உட்காரவைத்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான். அப்போதுதான் ஆபீஸ்காரர்கள் இருவரும் கண்ணாடியை இறக்கியது ஞாபகத்துக்கு வந்தது. வண்டி நாறுகிறது என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நான் நாறுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நல்ல மனுஷர்கள், ஆறு வாரம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளித்து, சென்ட் அடித்து, இஸ்திரி போட்ட சட்டையில் போகிற நான் அந்த இடத்திலேயே கூசிப்போனேன்.

மெக்கானிக் ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். "இது சும்மா தாங்குறதுக்குத்தான் சார். தினமும் ஓட்டாதீங்க. முக்கியமா பெரியவர ஏத்தாதீங்க. அடுத்து எந்த எடம் விடும்னு எனக்கே தெரியாது."

நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஓட்டையின் மேல் ஒரு பலகையைப் போட்டுப் புதுக் கால்மிதியை விரித்தேன். "ஸ்பிரிங்க மாத்திட்டேன் நைனா, இனிமே ஒண்ணும் ஆவாது" என்றேன். மூன்று வாரம், ஒன்பது தடவை, அதே வண்டியில் அவரைப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனேன். பஸ் நிலையத்துக்கு நைனாவை நடத்திக் கூட்டிப் போனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், "இன்னாபா, டாக்டர் வண்டி லீவா?" என்று கலாய்ப்பார்கள். அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மாமாவாவது தெரியாமல் சொன்னார்.

விற்றுவிடலாம் என்று புரோக்கருக்குப் போன் போட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், "அடியில இன்னொரு கோட்டு கறுப்பு அடிச்சுடுங்க சார். டாக்டர் வண்டின்னே சொல்லிடலாம்" என்றார். அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தார். ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கம் பக்கம். அவரும் எங்களைப் போல மீன்பிடிக் குடும்பம்தான், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். நைனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தினமும் வேலைக்குப் போவணும். போற வழியில பசங்கள ஸ்கூல்ல உடணும். நம்பி ஓட்டலாமா அண்ணே?"

அதற்குள் பிள்ளைகள் பின்சீட்டில் ஏறிவிட்டன. சின்னது சீட்டிலிருந்து இறங்கி, நான் விரித்த புதுக் கால்மிதியின் மேல் நின்று குதித்தது. பலகை டக் டக்கென்றது. நான் போய் இரண்டையும் கீழே இறக்கிவிட்டேன். பிறகு கால்மிதியை இழுத்துப் பலகையைத் தூக்கினேன். ஓட்டை வழியாக எங்கள் வாசல் மணல் தெரிந்தது.

அவர் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?" அதுவரை அண்ணே என்றவர்.

"மூணு வாரமா."

"தெரிஞ்ச பொறவும் பெரியவர இதுலதான் ஏத்தினு போனியா?"

ஆமாம் என்றேன். அவர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

நைனா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தார். அந்த ஓட்டையை அவர் அதுவரை பார்த்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு நான் பஸ்ஸுல போயிக்கிறேன்" என்றார். "நீ வர வேணாம்."