முதுகில் போட்ட நம்பர்

தோசை தட்டில் விழுந்ததும் கன்னியப்பன் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். "ரெண்டாம் நம்பர்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வாயில் வைப்பார். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முப்பத்திரண்டு வருடமாகத் தோலைத் தரம் பிரித்து, அதன் முதுகில் சாக்பீஸால் நம்பர் போடுகிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது. அவர் மனைவி சுந்தரி அக்கா கல்யாணமான நாளிலிருந்து ஒன்றாம் நம்பர் வாங்கியதே இல்லை.

இப்போது அவருக்கே பரீட்சை வந்துவிட்டது. சிறுநீரகத்தில் புற்றுநோய், நுரையீரல்வரை போயிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு நோயோடு மோதவிடும் ஊசியைப் போடப்போகிறார்கள். எல்லோருக்கும் அது கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று ரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது வேலூர் டாக்டர் ஷர்மிளாவின் ஆராய்ச்சி.

ரத்தம் கொடுக்கும் முன் மூன்று நாள் பீட்ரூட்டும் மாதுளையுமாகத் தின்று தீர்த்தார் மனிதர். "சரக்கு பளபளன்னு இருந்தாதான் நம்பர் ஏறும்." பதனிடாத பச்சைத் தோலைப் பளபளப்பாக்கி ஏமாற்றும் வியாபாரிகளை இத்தனை வருடம் கையும் களவுமாகப் பிடித்தவர்தான் இவர்!

"இன்னா நம்பர் டாக்டரம்மா?" என்றார் அடுத்த முறை.

"நம்பரெல்லாம் இல்லைங்க. ரத்தத்துல சில அடையாளம் தேடறோம். இப்பவே உறுதியா சொல்ல முடியாது. ஊசி போட்டு, மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்தாதான் தெரியும்."

கன்னியப்பன் டாக்டரைத் தேற்றத் தொடங்கிவிட்டார். "வுடும்மா, பேஜாராவாத. பச்சைத் தோலப் பாத்து நான் சொல்றதே பாதி தப்பாப் பூடுது. டிரம்முல போட்டுப் பதம் பண்ணி எடுத்தாதான் வண்டவாளம் தெரியும்."

முதல் ஊசியன்று பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் அவர்கள் இருவரோடும் நானும் போயிருந்தேன். கேன்டீன் காபியைக் கன்னியப்பன் நம்பர் சொல்லாமலே குடித்தார். அவர் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தவர் அப்படியே நின்றார். "இன்னாடி ஆவும்?" என்றார், மெதுவாக.

சுந்தரி அக்கா கணவரின் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கன்னியப்பன் தடுக்கவில்லை. தோலைப் புரட்டுவதுபோல ஆளைத் திருப்பி, நீலச் சட்டையின் முதுகில் பெரிதாக 1 என்று போட்டு, உள்ளே தள்ளிவிட்டார்.