பக்ரி படத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியது

1. ஏழு பேர்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு ஏழு டிக்கெட் போனது. அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

போர்ட் பிளேரில் ஒற்றைத் திரை கொண்ட தியேட்டர் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். டிக்கெட் கவுன்டரில் தொடங்கி, இப்போது எந்தப் படத்துக்கு எந்த ஷோ என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

படம் ஒரு ஆட்டையும் கொக்கையும் பற்றிய கார்ட்டூன் வரிசையின் நான்காம் பாகம். இந்தியில்தான் இங்கே ஓடும். அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது ‘பக்ரி படம்’, அதாவது ஆட்டுப் படம். முதல் மூன்று பாகங்களுக்கும் காலைக் காட்சி போட்டேன். பள்ளிப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். பிறகு பதினோரு வருடம் படமே வரவில்லை. நான்காம் பாகம் வந்ததும் யோசிக்காமல் அதே பத்தரை மணி ஷோவில் போட்டேன்.

சனிக்கிழமை ஒன்பது பேர். முதலாளி கவுன்டருக்கே வந்துவிட்டார்.

“மேடம், இத்தனை வருஷம் கழிச்சு பக்ரியை யார் பார்ப்பாங்க? பச்சே லோக், பசங்க எல்லாம் மொபைல்ல இருக்காங்க. மன்டே எடுத்துடுங்க.”

“வியாழக்கிழமை வரைக்கும் கீ இருக்கு, சார்.”

கீ என்பது மெயிலில் வரும் டிஜிட்டல் சாவி. ஹார்ட் டிஸ்க் கையில் இருந்தாலும் அது இல்லாமல் படம் திறக்காது.

“கீ இருக்கு, ஆள் இல்லையே!” என்று சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் பவித்ரா புதன்கிழமை இந்தப் படத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

2. இன்னொருவர் குரல்

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு மதியம் பவியின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் யாரோ ஒரு ஆண் குரல். “ஆன்ட்டி, கப்ராவோ மத்,” என்றது. பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தாலே எல்லாம் முடிந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றும். மரைன் ஹில் இறக்கத்தில் மழையில் ஸ்கூட்டி சறுக்கி, காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. அவள் அப்பா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. அன்று ஹட் பே துறைமுகத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் எப்படிப் போனேன் என்பது இன்றும் நினைவில் இல்லை.

ஸ்கூட்டியைச் சரிசெய்து வாங்கி வந்த அன்றே அதன் சாவியைத் தியேட்டர் டிராயரில், பழைய டிக்கெட் கட்டுகளுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

இருபத்து மூன்று வயதுப் பெண் இரண்டு மாதமாகப் பத்துபஸ்தியில் உள்ள எங்கள் வீட்டில் ஜன்னல் பக்கம் படுத்து, மேலே போகும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழிகள் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைப்பாள். பக்ரி போஸ்டரை போனில் காட்டியபோதுதான் எழுந்து உட்கார்ந்தாள். “செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்கல்ல? புதன்கிழமை வரேம்மா.” அவளாக வெளியே வருகிறேன் என்றது அதுதான் முதல் தடவை.

3. யாருக்கு எத்தனை வயது

சனிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பிடும்போது பவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“எத்தனை மணி ஷோ போட்ட?”

“எப்பவும் போலத்தான். பத்தரை.”

“அம்மா! இந்தப் படத்துக்குக் காத்திருந்தது யாரு? நாங்க. சீமா பேங்க்ல இருக்கா, அன்வர் டாக்யார்ட்ல இருக்கான். பத்தரைக்கு டியூட்டியை விட்டுட்டு ஆட்டைப் பார்க்க வருவாங்களா?”

“கார்ட்டூன்னா சின்னப் பிள்ளைங்கதானேடி...”

“நான் இன்னும் சின்னப் பிள்ளையா?”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து தியேட்டருக்குக் கிளம்பினேன்.

சாயங்கால ஷோவில் ஒரு பெரிய ஹீரோ படம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் ஞாயிறு ஷோவை மட்டும் பக்ரிக்குக் கேட்டேன்.

“சண்டே ஈவினிங் பக்ரிக்கா? ஆப் டீக் ஹைன் நா? நல்லாத்தானே இருக்கீங்க, மேடம்?”

“ஒரே ஷோ, சார். ஆள் வரலைன்னா நானே போஸ்டரைக் கிழிச்சுடறேன்.”

என் முகத்தைப் பார்த்தவர், “சலோ, ஏக் ஷோ,” என்றார்.

படுத்தபடியே பவி தன் பள்ளித் தோழர்கள் குரூப்பில் எழுதினாள்: ‘பக்ரி ஆ கயா, வந்துடுச்சு. சண்டே சாயங்காலம் ஆறரை. குழந்தைங்களைக் கூட்டிட்டு வராதீங்க, இது நமக்கு.’ இரண்டு மாதம் கழித்து அவள் முதலில் எழுதியது அதுதான். இரவு வரை அவள் போன் கவிழவில்லை.

ஞாயிறு முக்கால் ஹால் நிறைந்தது. ஞாயிறு டியூட்டி முடிந்து, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சிலர் வந்திருந்தார்கள். கொக்கு முதலில் பறந்து வந்ததும் எழுந்த விசில், பழைய காலைக் காட்சிகளில் கேட்ட அதே விசில், குரல்தான் தடித்திருந்தது. எல்லோரும் தாதா, வங்காளியில் அண்ணன், என்று கூப்பிடும் ஆபரேட்டர் தபன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, “பச்சே படே ஹோ கயே, திதி,” என்றார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அக்கா.

முதலாளி திங்கள் முதல் ஆறரை ஷோவை அதற்கே கொடுத்தார். படம் வியாழன் வரை ஓடியது. ஹிட் என்று சொல்ல மாட்டேன். நஷ்டமில்லை.

4. புதன்கிழமை

வாசல் ஓரமாகக் கடைசி வரிசையில் ஒரு சீட் எடுத்து வைத்திருந்தேன். பவி ஊன்றுகோலோடு அதைத் தாண்டிப் போய், நடு வரிசையில் சீமாவுக்கும் அன்வருக்கும் இடையே உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்று படம் முழுக்க அவள் தலையைத்தான் பார்த்தேன்.

“எப்படிடி இருந்துச்சு?”

“முதல் பாகம் அளவுக்கு இல்ல. ஆனா கொக்குக்கு வயசாயிடுச்சுன்னு ஒளிக்காம காட்டியிருக்காங்க பாரு, அதுக்காகவே வரலாம்.” பிறகு கை நீட்டினாள். “சாவி.”

“எந்தச் சாவி?”

“உன் டிராயர்ல இருக்கே, அது. டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்ட மாட்டேன். ஆனா அது வீட்டு ஆணியில இருக்கணும், உன் டிராயர்ல வேண்டாம்.”

எடுத்துக் கொடுத்தேன். 

தொழிலில் நான் கற்றது இதுதான்: ரொம்ப வருடம் கழித்து அடுத்த பாகம் வந்தால், முதல் பாகம் பார்த்தவர்களுக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போட்டுவிட்டு ஷோ டைம் வையுங்கள். தியேட்டரில் இப்போது நான் அதை மறப்பதில்லை. வீட்டில்தான் தினமும் மறந்து, தினமும் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் டாக்டர் சரி என்றுவிட்டார். இன்று காலை ஆணியில் சாவி இல்லை. வெளியே தூறல். போனைக் கையில் எடுத்தேன், கூப்பிடவில்லை. கீழே வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.